எலும்பா, ரப்பரா, தோலா: வீட்டு நாய்க்கு எதைக் கடிக்கக் கொடுப்பது?

எங்கள் நாய் மணியின் பல் உடைந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்வாசல் படியில் படுத்துக்கொண்டு அவன் ஒரு மாட்டுக் குளம்பைக் கடித்துக்கொண்டிருந்தான். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒரு 'டக்'. குளம்புதான் உடைந்தது என்று நினைத்தேன். அவன் கத்தவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை. தலையைச் சாய்த்து மறுபக்கக் கடைவாயில் வைத்துத் திரும்பக் கடிக்க ஆரம்பித்தான். நான்கு நாள் கழித்துத்தான் அவன் இடதுபக்கமாகவே சாப்பிடுவதைக் கவனித்தேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், வலது மேல்தாடையின் பெரிய பல்லில் வெளிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து, ஈறோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. பெயர்ந்த இடத்தின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி. பல்லின் உயிர் இருக்கிற இடம் அது. நான்கு நாளாக அந்தப் புள்ளியில் தண்ணீரும் சோறும் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் ஒரு முனகல்கூட விடவில்லை.

மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். குளம்பை வாங்கி வந்தவள் நான். கடையில் ஒரு கூடை நிறையக் கிடந்தது. விலை மலிவு, மேலே 'இயற்கையானது' என்று ஒரு அட்டை. இயற்கையானது என்றால் ஆபத்தில்லாதது என்று நானாக நினைத்துக்கொண்டேன். இப்போது வீட்டில் செம்பியும் இருக்கிறாள். ஒரு வயது. நாற்காலிக் கால், செருப்பு, தோட்டத்துக் குழாய் எதையும் விடுவதில்லை. அவளுக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்க, கடையில் கிடைப்பது, வீட்டில் மிஞ்சுவது, கசாப்புக்கடையில் பை கட்டி விற்பது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். அதே கூடைக்கு முன்னால் நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பல்

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். நம்மைவிட 10 அதிகம். ஆனால் பல்லைப் போர்த்தியிருக்கும் எனாமல் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் கடைவாய்ப் பல்லில் அது 2 மில்லிமீட்டரைத் தாண்டும். அப்புறம், நாயின் தாடை மேலும் கீழும்தான் அசையும், நம்மைப்போலப் பக்கவாட்டில் அரைக்காது. மேலே ஒரு பெரிய பல்லும் கீழே ஒரு பெரிய பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுபோல உரசிக்கொண்டு இறங்கும். இறைச்சியை அறுக்க அருமையான ஏற்பாடு. கல்லைப்போன்ற ஒன்று நடுவில் மாட்டினால் மேல்பல்லின் வெளிப்பக்கம் பலகைபோலப் பெயர்ந்துவிடும். மணிக்கு நடந்தது அதுதான். கவனிக்காமல் விட்டால் வேரில் சீழ் பிடித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும். பலர் அதைக் கண் நோய் என்று நினைத்துக்கொண்டு மருத்துவரிடம் வருகிறார்கள்.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் இரண்டு சோதனைகளைக் கடையிலேயே செய்து பார்த்துவிடலாம். கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள்; கொஞ்சமாவது பதிய வேண்டும். அடுத்தது, அந்தப் பொருளை எடுத்து உங்கள் முழங்கால் சிப்பியில் ஓங்கித் தட்டிக்கொள்ளத் துணிவீர்களா என்று யோசியுங்கள். நினைக்கும்போதே உடம்பு கூசினால், அது நாயின் பல்லுக்கும் ஆகாது. இந்த இரண்டும் பல்லைக் காப்பாற்றும். தொண்டையையும் குடலையும் காப்பாற்ற இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு: இது முழுதாக வாய்க்குள் போய்த் தொண்டைப் பக்கம் வழுக்குமா? கடித்துக் கடித்துச் சிறுத்தபின் அந்தக் கடைசித் துண்டு என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் பொருளில் இல்லை, உங்கள் நாயிடம் இருக்கிறது. மணி நொறுக்குகிற நாய். எதையும் கடைவாயில் வைத்து முழு பலத்தோடு அழுத்துவான். செம்பி விழுங்குகிறவள், துண்டு கையளவு ஆனதுமே, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அப்படியே உள்ளே தள்ளிவிடுவாள். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நாய் முன்பல்லால் மெல்லச் சுரண்டிக் கொறிக்கும் ரகம். ஒரே பொருள் மூன்றுக்கும் மூன்று விதமான ஆபத்து. கடைக்குப் போகுமுன் உங்கள் நாய் ஒரு கேரட்டை எப்படித் தின்கிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

குளம்பு, கொம்பு, தீக்கோழி எலும்பு

குளம்பைப் பற்றி இனி நான் சொல்ல ஒன்றும் இல்லை. நகம் பதியாது, முழங்காலில் தட்டிக்கொள்ளவும் முடியாது. மான் கொம்பும் அப்படியே. குடூ மானின் கொம்பை அறுத்துப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். மாதக்கணக்கில் வரும் என்பதுதான் அதன் பெருமை. மாதக்கணக்கில் தேயாத பொருளோடு உரசினால் தேய்வது எது என்று யோசித்தாலே போதும்.

தீக்கோழி எலும்பு இந்த நாட்டுக்கே உரிய சரக்கு. ஓட்ஸ்ஹோர்ன் பக்கம் தீக்கோழி வளர்ப்பு பெரிய தொழில். இறைச்சி, தோல், இறகு போக மிஞ்சும் எலும்பும் தசைநாரும் நாய்த் தீனியாகக் கடைக்கு வருகின்றன. இரண்டும் ஒரே தட்டில் அடுத்தடுத்துத் தொங்கும், ஆனால் ஒன்று வேறு, மற்றொன்று வேறு. தசைநார் வளையும், நகம் பதியும், நாராகப் பிரியும். எலும்பு புகைபோட்டோ சூட்டில் உலர்த்தியோ வருவது. ஈரம் போய்விட்டதால் கடித்தால் நீளவாக்கில் ஊசி ஊசியாகப் பிளக்கும்.

இப்படிப் பதப்படுத்தி உறையில் போட்டு விற்கும் எலும்புகளைப் பற்றி அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017இல் ஒரு எச்சரிக்கை விட்டது. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை அவர்களுக்கு வந்த புகார்கள் சுமார் 68. ஏறக்குறைய 15 நாய்கள் இறந்ததாகச் சொல்லப்பட்டது. மூச்சடைப்பு, குடல் அடைப்பு, வாயிலும் ஆசனவாயிலும் கிழிசல். புகார் எழுதாமல் அழுதுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ.

அடுக்களை எலும்பு

எங்கள் ஊரில் இதுதான் பெரிய விஷயம். இங்கே புரட்டாசியை விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கும் வீடுகள் அதிகம். மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. மாதம் முடிந்ததும் தெருவெல்லாம் ஆட்டுக்கறி வாசம். சாப்பிட்டு முடித்தபின் தட்டுத் தட்டாக எலும்பைச் சேர்த்துப் பின்வாசலில் கொட்டுவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், நாய்க்கும் ஒரு விருந்து வேண்டாமா என்று. பிராய், அதாவது வெளியில் தணல் போட்டு இறைச்சி சுடும் விருந்து, போட்ட இரவும் அப்படித்தான்.

ஆனால் வேகவைத்த எலும்பைப்போல நாய்க்குக் கெடுதல் செய்வது வேறொன்று இல்லை. பச்சை எலும்பில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சூட்டில் அது கரைந்து ரசத்தோடு போய்விடுகிறது. சாறு நன்றாக இறங்கியிருக்கிறது என்று நாம் பாராட்டுவது அதைத்தான். மிஞ்சுவது சுண்ணாம்புக் கூடு. கடித்தால் சிம்பு சிம்பாகச் சிதறும். கோழி எலும்பு மட்டும்தான் ஆபத்து, ஆட்டெலும்பு பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆட்டின் விலாவையும் கழுத்தெலும்பையும் கசாப்புக்காரர் துண்டு துண்டாக வெட்டும்போதே ஓரங்கள் கூராகிவிடுகின்றன.

எலும்போடு ஒட்டிக்கொண்டு போகும் மசாலா இன்னொரு பக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் நக்கியதால் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆனால் வாரா வாரம் குழம்பெலும்பு தின்கிற நாய் சோர்ந்து, ஈறு வெளுத்துப் போவது இதனாலும் இருக்கலாம். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவின் அடியில் குழம்பு ஊறிய ரொட்டியைப் போடுகிறவர்களும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிராயில் இன்னும் இரண்டு உண்டு. இறைச்சி கோத்த சொசாட்டிக் குச்சி: வாசனைக்காக நாய் அப்படியே விழுங்கிவிடும், குச்சி குடலைக் குத்தும். சோளக்கதிரின் தக்கை, அதாவது இங்கே எல்லாரும் மீலி என்று சொல்வதன் நடுத்தண்டு: அதை நாயின் வயிறு கரைக்கவே கரைக்காது. ஒரு துண்டு போதும், சிறுகுடலில் தக்கையாகவே அடைத்து நிற்கும். நாய் முதல் நாள் சும்மா இருந்துவிட்டு, சில நாள் கழித்தும் வாந்தி எடுக்கத் தொடங்கலாம். அதற்குள் மீலி தின்றதையே நாம் மறந்திருப்போம். பிராய் முடிந்ததும் குப்பைப் பையை முதலில் கட்டி மேலே வைத்துவிடுங்கள், மற்றது அப்புறம்.

தாத்தாவின் வாதம்

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்கள். டோங்காட் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர் அவர். “அம்மா, எங்க ஆயா காலத்துல நாய் எலும்புதான் தின்னுச்சு. ஹ்லூஹ்லூவேல போய்ப் பாரு, காட்டு நாய்க்கும் கழுதைப்புலிக்கும் யாரு ரப்பர் பொம்மை வாங்கிக் குடுக்குறா?” என்றார்.

நியாயமான கேள்வி. இந்த மாகாணத்திலேயே 1895 முதல் காக்கப்பட்டு வரும் காடு அது. கழுதைப்புலி எலும்பை நொறுக்கும் சத்தத்தை அங்கே போனவர்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் அவற்றின் பல்லும் உடைகிறது. பிளேர் வான் வால்கன்பர்க் என்ற ஆய்வாளர் பெரிய ஊனுண்ணிகளின் மண்டையோடுகளை எடுத்துப் பார்த்து 1988இல் வெளியிட்ட கணக்கில், ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஒரு பல்லாவது உடைந்திருந்தது. எலும்பை அதிகம் நொறுக்கும் கழுதைப்புலிகளில் இன்னும் கூடுதல். உடைந்த பல்லோடும் அவை வாழ்கின்றன, வலியோடு. வேறு வழி இல்லாததால். ஆயா காலத்து நாய்களும் அப்படித்தான் வாழ்ந்திருக்கும். யாரும் உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். நானே நான்கு நாள் பார்க்கவில்லையே.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பச்சை எலும்புன்னா?” என்று கேட்டார்.

பச்சை எலும்பு

இதில்தான் நான் அதிக நாள் தயங்கினேன், ஏனென்றால் அதற்கு ஆதரவாகவும் சான்று இருக்கிறது. பிரேசிலில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சில நாட்களிலேயே பல்லில் படிந்திருந்த காரை நன்றாகக் குறைந்தது; அந்தக் குறுகிய காலத்தில் எந்தப் பல்லும் உடையவில்லை. நாய்க்கு அதில் கிடைக்கும் சந்தோஷத்தையும் நான் மறுக்க மாட்டேன். பச்சை எலும்போடு இரண்டு காலுக்கிடையில் படுத்திருக்கும் நாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கொடுப்பதென்றால் எந்த எலும்பு என்பது முக்கியம். மாட்டின் கால் நல்லி உடம்பின் எடையைத் தாங்குவதற்காக உருவானது, இருப்பதில் மிகக் கடினம். அதை வாள் இயந்திரத்தில் வளையம் வளையமாக அறுத்து 'நாய் எலும்பு' என்று பையில் போட்டு விற்கிறார்கள். அந்த வளையம் வேறொரு வகையிலும் கெட்டது: மஜ்ஜையை நக்கும்போது கீழ்த்தாடைக்குள் மாட்டி, கோரைப்பல்லுக்குப் பின்னால் இறுகிக்கொள்ளும். வெட்டி எடுக்க மயக்க மருந்தே தேவைப்படலாம். மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு வேறு. கணையம் பலவீனமான நாய்க்கு நோய் வர அதுவே போதும். மூட்டின் பஞ்சுபோன்ற முனை எலும்பு, நாயின் தலையைவிடப் பெரிதாக, முழுதாக இருந்தால் ஆபத்து குறைவு. கால் மணி நேரம் கண்ணெதிரே கடிக்கவிட்டு எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கிருமி. 2017, 2018இல் இந்த நாட்டில் லிஸ்டீரியா பரவியது யாருக்கும் மறந்திருக்காது. 1,000 பேருக்கு மேல் நோயாளிகள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அது போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாக வந்தது, நாய் எலும்பால் வந்ததில்லை. ஆனால் லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் வளரும் என்பதை அன்றைக்குத்தான் நாம் எல்லாரும் தெரிந்துகொண்டோம். பச்சை இறைச்சியில் அதுவும் சால்மோனெல்லாவும் இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் ஆகாமல், அது நக்கிய கையால் குழந்தைக்குப் போகும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கும் வீட்டில் பச்சை எலும்பு வேண்டாம் என்பது என் முடிவு. மின்வெட்டு நாட்களில் உறைபெட்டி உருகி மறுபடி உறைந்த எலும்பை எந்த வீட்டிலும் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மாமியாருக்கு 78 வயது. செம்பி அவர் மடியில்தான் தலை வைத்துத் தூங்குவாள். அதனால் பச்சை எலும்பு எங்களுக்கு இல்லை. குழந்தை குட்டி இல்லாத, நாய் வெளியில் இருக்கும் வீட்டில், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க நேரம் உள்ளவர்கள் வேறு முடிவுக்கு வரலாம். அது தவறென்று சொல்ல மாட்டேன்.

தோலும் உலர்ந்த சரக்கும்

முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல், கடைக்காரர்கள் ரா ஹைட் என்பார்கள். மாட்டுத் தோலின் உள்ளடுக்கைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, வெளுத்து, உருட்டிக் காயவைத்தது. கொறிக்கும் நாய்க்குக் கொஞ்ச நாள் ஓடும். விழுங்கும் நாய்க்கு மிக மோசம்: எச்சிலில் ஊறிய முனை கொழகொழவென்று பிய்ந்து, பெரிய துண்டாக உள்ளே போகும், வயிற்றில் இன்னும் உப்பும், கரைய நாளாகும். செம்பி இருக்கும் வீட்டில் நான் அதை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை.

காளையின் குறியை உலர்த்திச் செய்யும் குச்சி, புல்லி ஸ்டிக், பல்லுக்கு மென்மையானது, வயிற்றிலும் கரையும். அதற்கும் இரண்டு குறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாங்கிய 26 குச்சிகளைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி இருந்தது. சின்ன நாய்க்கு ஒரு குச்சியே அன்றைய சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடலாம். அதே சோதனையில் 7 குச்சிகளில் ஈ கோலை கிருமி இருந்தது. பன்றிக் காதும் அப்படித்தான். 2019இல் அமெரிக்காவில் நாய்க்கான பன்றிக் காதைக் கையாண்டதால் 150 பேருக்கு மேல் சால்மோனெல்லா நோய் வந்தது. எங்கள் டர்பன் வெக்கையில் இந்த உலர்ந்த சரக்கெல்லாம் இரண்டு நாளில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைத் தரையில் விடாமல் மூடிய டப்பாவில் குளிர்பெட்டிக்குள் வையுங்கள், தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். இங்கே நாய்த் தீனி 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்கீழ்ப் பதிவாக வேண்டும். பதிவானதில் 'வி' என்று தொடங்கும் எண் இருக்கும். உறையும் எண்ணும் இல்லாமல் கூடையில் குவித்து வைத்திருப்பது எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? பல் சுத்தத்துக்கென்று விற்கும் மெல்லும் குச்சிகளில் வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். விலங்குகளின் பல் நலத்துக்கான மன்றம், 1997இல் தொடங்கியது, சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் அந்த முத்திரையைக் கொடுக்கிறது. நாயின் எடைக்கேற்ற அளவு வாங்குவது அவசியம். பெரிய நாய்க்குச் சின்னக் குச்சி கொடுத்தால் மெல்லாமலே போய்விடும்.

ரப்பர்

கடைசியில் நாங்கள் வந்து நின்றது உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில். காங் என்ற பொம்மையின் பிறப்புக் கதை எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பழுது பார்க்கும்போது அதன் சஸ்பென்ஷனில் இருந்த ஒரு ரப்பர் பாகத்தை நாய் எடுத்துக் கடிக்க ஆரம்பித்தது, விடவே இல்லை. 1976இல் அதைப்போலவே பொம்மை செய்து விற்கத் தொடங்கினார். பல்லுக்காகக் கவலைப்பட்ட ஒருவர் செய்தது. நகம் பதியும், அழுத்தினால் அமுங்கித் திரும்பும். சிவப்பு சாதாரண நாய்க்கு, கறுப்பு நொறுக்குகிற நாய்க்கு, மென்மையான ரகம் குட்டிக்கு. குட்டிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் பால்பல் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்தில் புதுப்பல் முளைத்துவிடும். அதுவரை மென்மையானது மட்டும்தான். கேப் டவுனின் ராக்ஸ் நிறுவனமும் ரப்பர் பொம்மைகள் செய்கிறது, எங்கும் கிடைக்கும். எந்தப் பெயரானாலும் இரண்டைப் பாருங்கள்: காற்றுத் துளை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரே துளை உள்ள பந்தில் நாக்கு உறிஞ்சப்பட்டு மாட்டி, வீங்கி, வெளியே வராமல் போய்விடும். அளவு சந்தேகமாக இருந்தால் பெரியதையே எடுங்கள்.

வெறும் ரப்பரைச் செம்பி முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே நிரப்பினால்தான் அது தீனி. நான் உப்பில்லாத குழைந்த சோறு, வேகவைத்த பூசணி, இரண்டு கரண்டி அமாசி மூன்றையும் பிசைந்து அடைத்து, சின்னத் துளையை ஒரு கேரட் துண்டால் மூடி, இரவு முழுக்க உறையவைப்பேன். காலையில் கொடுத்தால் நாற்பது நிமிடம். நக்கி நக்கி, முன்காலால் உருட்டி, மூக்கின் மேல் வெள்ளையாக அப்பிக்கொண்டு நிற்பாள். அமாசி கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் புளித்த பால்தான். வீட்டுத் தயிர் இருந்தால் அதுவே போதும். புரட்டாசி மாதத்துக்கும் இது பொருந்துகிறது, வீட்டில் கவிச்சியே நுழையாது.

வேர்க்கடலை வெண்ணெய் நிரப்புகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைலிட்டால், பிர்ச் சர்க்கரை, ஈ967 என்று எது எழுதியிருந்தாலும் அதை நாய் தொடக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். 10 கிலோ நாய்க்கு 1 கிராம், அவ்வளவுதான். மக்காடேமியாக் கொட்டையும் நாய்க்கு விஷம். அது விளைகிற மாகாணத்தில் இருக்கிறோம், கொட்டை கலந்த வெண்ணெய்களில் அதுவும் சேர்ந்திருக்கலாம். எங்கள் பக்கம் இன்னொரு தொந்தரவும் உண்டு: வாசனை பிடித்துக்கொண்டு குரங்குகள் சுவரேறி வரும். ஒரு தடவை பொம்மையைத் தூக்கிக்கொண்டு கூரைக்குப் போய்விட்டது, செம்பி கீழே நின்று அரை மணி நேரம் குரைத்தாள். அதிலிருந்து வீட்டுக்குள்தான்.

தீபாவளி இரவில் இதன் அருமை இன்னும் தெரியும். வெடிச் சத்தத்தில் மணி குளியலறைக்குள் போய் நடுங்கிக்கொண்டிருப்பான். போன வருடம் வெடி தொடங்குமுன் திரையை இழுத்துவிட்டு, உறைந்த பொம்மை ஒன்றை அவனருகில் வைத்தேன். ஒரு பல் குறைந்த வாயால் அதை நக்கிக்கொண்டே இருந்தான். நடுக்கம் முழுக்க நிற்கவில்லை, ஆனால் நக்குகிற நேரமெல்லாம் குறைந்திருந்தது.

மற்றவை, சுருக்கமாக

டென்னிஸ் பந்து எறிந்து விளையாட மட்டும். அதன் மேலுள்ள பஞ்சில் மண் ஒட்டி உப்புத்தாள்போலப் பல்லைத் தேய்க்கும், பெரிய நாயின் தொண்டையில் சரியாகப் போய் உட்காரும். கயிற்றுப் பொம்மை நீங்கள் ஒரு முனையைப் பிடித்திருக்கும்வரை சரி; பிரிந்த நூல் குடலுக்குள் போனால் குடலையே சுருக்கி அறுக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். கடினமான நைலான் எலும்பு நகச் சோதனையில் தோற்கிறது, எவ்வளவு பேர் வாங்கினாலும். யாக் பால்கட்டியும் அதே.

எதைக் கொடுத்தாலும், நாய் திடீரென்று வாயை முன்காலால் பிறாண்டினால், எச்சில் ஒழுகினால், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், வயிற்றைத் தொடவிடாமல் வளைந்து நின்றால், மலம் கறுப்பாகப் போனால், காத்திருக்காதீர்கள். எலும்பு விழுங்கிவிட்டது என்று உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. சிம்பு இறங்கும்போது கிழிக்காவிட்டாலும் ஏறும்போது கிழிக்கும். அந்த அளவு உப்பே நாயைக் கொல்லும்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்போது இப்படி. செம்பிக்குத் தினமும் காலையில் உறைந்த ரப்பர் பொம்மை. நேரம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை தீக்கோழித் தசைநார் ஒன்று, ஒரு முனையை நான் கையில் பிடித்துக்கொண்டு, விரல் நீளம் ஆனதும் ஒரு பிஸ்கட்டைக் காட்டி மாற்றி வாங்கிக்கொள்வேன். ஒரு பல் போனதால் மணிக்கு மென்மையான ரகப் பொம்மை, நிறையப் பூசணியோடு. வாரம் ஒரு முறை இரண்டு பேரின் உதட்டையும் தூக்கிப் பார்க்கிறேன்.

தாத்தா நேற்று வேலி ஓரம் வந்து நின்றார். புரட்டாசி இந்த வாரம் முடிகிறது, பேரன்கள் எல்லாரும் சாப்பிட வருகிறார்கள். “எலும்பை நான் குழி தோண்டிப் புதைச்சிடறேன். அந்த ரப்பர் என்ன விலைம்மா?” என்று கேட்டார். அவருடைய நாய் 12 கிலோ, கொறிக்கும் ரகம், வயது ஒன்பது. நடுத்தர அளவு, மென்மையான ரகம். வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும்போது அவருக்கும் ஒன்று வாங்கி வர வேண்டும்.